ஓ.ஜி. பச்சை முதல் டிஜிட்டல் அச்சு வரை: ராணுவக் களச் சீருடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 1982-ல் காலாட்படையில் சேர்ந்து 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். கடைசிச் சில ஆண்டுகள் குவார்ட்டர் மாஸ்டர் ஸ்டோரில் இருந்ததால், சீருடைகளை அணிந்ததோடு, எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, கிழிந்ததைக் கழித்துக் கட்டிய அனுபவமும் உண்டு. எங்கள் ஊரில் முன்னாள் படைவீரர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவது வழக்கம். ஓய்வூதியப் பேச்சும் கேன்டீன் பேச்சும் ஓய்ந்த பிறகு, யாராவது ஒருவர் 'எங்கள் காலத்து டிரெஸ்' என்று தொடங்கிவிடுவார். ஆள் சேர்ப்பு முகாமுக்குத் தயாராகும் இளைஞர்களும் அங்கே வந்து கேள்வி கேட்பார்கள். அவர்கள் பெரும்பாலும் சீருடையின் உருமறைப்பு அச்சைப் பற்றிக் கேட்கிறார்கள். நாங்கள் பெரும்பாலும் துணியைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் கேள்விகளையும் எங்கள் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

களச் சீருடை என்று எதைச் சொல்கிறீர்கள்?

அணிவகுப்புக்கும் விருந்துக்கும் அலுவலகத்துக்கும் உரிய உடைகள் வேறு. ரோந்து, பயிற்சி, எல்லைக் காவல், சண்டை ஆகியவற்றுக்கு அணிவதைத்தான் களச் சீருடை என்கிறோம். பட்டாளத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'காம்பேட்' என்றால் போதும், அதற்கு முன் 'ஓ.ஜி.', அதாவது ஆலிவ் கிரீன், என்றால் போதும்.

காக்கியை விட்டுவிட்டு ராணுவம் ஏன் பச்சைக்கு மாறியது?

'காக்' என்ற பாரசீகச் சொல்லுக்கு மண், புழுதி என்று பொருள். உருது வழியாக வந்த காக்கி என்றால் புழுதி நிறம். 1846-ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் உருவாக்கிய கைட்ஸ் படைதான் இந்த நிறத்தை முதலில் சீருடையாக்கியது என்பது பொதுவான வரலாறு. 1857-ல் பல ஆங்கிலேயப் படைப்பிரிவுகள் தங்கள் வெள்ளைக் கோடை உடைகளைத் தேநீரிலும் சேற்றிலும் முக்கி நிறம் மாற்றிக்கொண்டன. வடமேற்கு எல்லையின் காய்ந்த மலைகளுக்கு அந்த நிறம் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போன பிறகுதான் அதன் குறை தெரிந்தது. காய்ந்த மண்ணில் மறையும் நிறம், ஈரப் பச்சைக் காட்டில் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. கையிருப்பில் இருந்த காக்கித் துணியையே பச்சைச் சாயத்தில் முக்கிக் கொடுத்து அப்போதைக்குச் சமாளித்தார்கள். பிறகு 'ஜங்கிள் கிரீன்' என்று தனித் துணியே வந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவம் ஆலிவ் பச்சையை ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் காட்டு அனுபவமே வேர். காக்கி காவல் துறையோடு தங்கிவிட்டது. இதனால் ஒரு வசதியும் உண்டானது: வெகுதூரத்திலிருந்து பார்க்கும் கிராமத்தவர்கூடப் போலீஸ் எது, மிலிட்டரி எது என்று நிறத்தைக் கொண்டே சொல்லிவிடுவார்.

பர்மாவிலிருந்து வந்த இன்னொரு பழக்கத்தையும் நாங்கள் கடைசி வரை விடவில்லை. பகலில் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாலும், பொழுது சாய்ந்ததும் இறக்கிப் பொத்தான் போட்டாக வேண்டும். மலேரியாவுக்காக வந்த கட்டளை அது. கொசுவே இல்லாத பாலைவன முகாமிலும் மாலை 'ஃபாலின்' எனும் வரிசையில் நிற்கும் நேரத்தில் அதைச் சரிபார்த்த ஹவில்தார் மேஜர்களை எனக்குத் தெரியும்.

1962 சீனப் போருக்குப் போனவர்கள் என்ன அணிந்திருந்தார்கள்?

எங்கள் கூட்டத்தில் மூத்தவரான சுபேதார் ஐயாவிடம்தான் இதைக் கேட்க வேண்டும். அந்த ஆண்டு நேஃபாவுக்கு, அதாவது இன்றைய அருணாசலப் பிரதேசத்துக்கு, அவசரமாக அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். சமவெளியின் வெயிலுக்கென்று தைத்த பருத்திச் சீருடையோடும் கான்வாஸ் காலணியோடும் மலையேற வைக்கப்பட்ட படைப்பிரிவுகள் உண்டு என்பது எல்லாரும் அறிந்த வரலாறு. நாம்கா சூ ஆற்றங்கரையில் இருந்தவர்களின் நிலையும் அதுதான். 'துணி பச்சையாகத்தான் இருந்தது தம்பி, ஆனால் குளிருக்கு நிறம் தெரியாதே' என்று ஐயா சொல்வார். சீருடையைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை.

ஆவடியில் படைத்துறை உடைத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது 1961-ல், போருக்கு முந்தைய ஆண்டில். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் போனது. எங்கள் தலைமுறையில் பலர் அணிந்த சட்டையின் உள்பக்க முத்திரையில் அந்தத் தொழிற்சாலையின் அடையாளம் இருக்கும். பனிமலையில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது ஆவடி ரயில் நிலையம் நினைவுக்கு வரும்.

மலைக்குளிருக்கான உடைகள் 1962-க்குப் பிறகுதான் தனிக் கவனம் பெற்றன. 1984 ஏப்ரலில் சியாச்சினில் இறங்கியபோது அவை இன்னொரு கட்டத்துக்குப் போயின. பனிப்பாறை உடைகள் ஒரு தனி உலகம். அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பதால், யாரும் அவற்றோடு இந்தச் சட்டைகளைப் போல் உறவு கொண்டாடுவதில்லை. இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓ.ஜி. சீருடையை ஏன் இன்னும் புகழ்கிறீர்கள்? அது அவ்வளவு நல்லதா?

புகழ்கிறவர்கள் தங்கள் இளமையையும் சேர்த்துப் புகழ்கிறார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஓ.ஜி. பருத்தித் துணி தடிமனாகவும் முரடாகவும் இருந்தது. புதிதாக வந்த கால்சட்டை அட்டை மாதிரி நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓடினால் தொடையின் உள்பக்கம் தோல் உரிந்துவிடும். வெலிங்டனில் பயிற்சி பெற்றவர்களைக் கேட்டால் இன்னொரு கொடுமையும் தெரியும். நீலகிரி மழையில் நனைந்த ஓ.ஜி. இரண்டு நாளானாலும் காயாது; காயாத துணியை இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கி, ஆவி பறக்க அப்படியே மாட்டிக்கொண்டு காலை அணிவகுப்புக்கு ஓடியிருக்கிறோம்.

அளவும் சரியாக இருந்ததில்லை. ஸ்டோரில் கையை நீட்டினால் எது வருகிறதோ அதுதான் உங்கள் அளவு. அதை உடம்புக்கு ஏற்றபடி மாற்ற யூனிட் தையல்காரரிடம், எல்லாரும் மாஸ்டர்ஜி என்று அழைக்கும் அவரிடம், போய் நிற்க வேண்டும். சின்ன வேலைகளை நாங்களே செய்துகொள்வோம். அதற்கென்று 'ஹவுஸ்வைஃப்' என்ற பெயரில் ஊசி, நூல், பொத்தான் அடங்கிய ஒரு துணிப்பை கிட்டோடு உண்டு. கல்யாணமாகாத இருபது வயதுப் பையனிடம் ஸ்டோர்மேன் 'உன் ஹவுஸ்வைஃப் எங்கே' என்று கேட்பது பயிற்சி முகாமில் ஒருபோதும் பழசாகாத வேடிக்கை.

பிறகு ஏன் புகழ்கிறோம் என்றால், அந்தத் துணி வயது ஏற ஏற நல்லதாகும். ஆறு மாதம் கல்லில் அடித்துத் துவைத்த பிறகு அது மெதுவாகி, வியர்வையை உறிஞ்சி, உடம்போடு படியும். நிறமும் வெளுத்துச் சாம்பல் கலந்த பச்சையாகும். யாருடைய சட்டை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதைக் கொண்டே அவருடைய சர்வீஸைக் கணிக்கலாம். புதிதாக வந்தவர்கள் சிலர், பழைய ஆள் போலத் தெரிய வேண்டும் என்று சட்டையைச் சோடாவில் ஊறவைத்து மாட்டிக்கொண்டதும் உண்டு.

பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட் ஓ.ஜி.யும் எங்களுக்குக் கிடைத்தது. அது மடிப்பு கலையாது, சீக்கிரம் காயும், ஆனால் வியர்வையை வெளியே விடாது. முகாமில் அதை அணிவோம். வெளியே போகும்போது பருத்தியைத் தேடுவோம். குளிருக்குக் கம்பளி கலந்த அங்கோலா சட்டையும் ஜெர்சியும். அங்கோலா சட்டையின் கழுத்துப்பட்டை அறுக்கும் என்பதற்காக, பழைய பனியனைக் கிழித்து உள்பக்கம் தைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையினரும் பெரும்பாலும் ஓ.ஜி.யில்தான் இருந்தார்கள். அங்கிருந்து திரும்பிய என் பேட்ச் நண்பர் ஒருவரின் சட்டைக் கை, தோளிலிருந்து முழங்கை வரை நேர்கோடாகக் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. பனங்கருக்கு கிழித்தது என்றார். ஊரில் சின்ன வயதில் பனையேறியவர் அவர். அந்த நாட்களைப் பற்றி அதற்கு மேல் பேசமாட்டார், நாங்களும் கேட்பதில்லை.

சீருடைக்குக் கஞ்சி போடலாமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு தலைமுறைகளும் எதிரெதிரான பதில் சொல்லும்.

எங்களுக்குக் கஞ்சி என்பது ஒழுக்கத்தின் ஒரு பகுதி. தோபி துவைத்து, கஞ்சியில் முக்கி, விறைப்பாகத் தேய்த்துக் கொடுத்த கால்சட்டைக்குள் காலை நுழைக்கும்போது, ஒட்டியிருக்கும் துணி 'பர்ர்' என்று பிரியும். முன்மடிப்பில் காய் நறுக்கலாம் என்று சொல்வோம். காவல் பணி மாற்றத்தின்போது மடிப்பு கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, உட்காராமலே நின்றுகொண்டு காத்திருந்தவர்கள் உண்டு.

எனக்கு அந்தப் பெருமையை உடைத்தது ஓர் இரவுப் பயிற்சி. தொண்ணூறுகளில் ஒருநாள், இரவில் பார்க்கும் கருவியைப் பயிற்சியாளர் எங்களிடம் கொடுத்து, எதிர்ச்சரிவில் படுத்திருந்த எங்கள் செக்ஷனையே பார்க்கச் சொன்னார். பத்துப் பேரில் ஏழு பேர் புதரோடு புதராக இருந்தார்கள். மூன்று பேர் மட்டும் வெளிறிய திட்டுகளாக மின்னினார்கள். அந்த மூவரும் முந்தைய நாள்தான் தோபியிடமிருந்து சட்டை வாங்கியவர்கள்.

காரணம் எளிமையானது. இரவுக் கருவி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு அருகில் உள்ள ஒளியையும் பிடிக்கிறது. பச்சை இலை அந்த ஒளியை ஓர் அளவில் திருப்பி அனுப்புகிறது. களத் துணியின் சாயமும் அதே அளவில் திருப்பி அனுப்பும்படி தயாரிக்கப்படுகிறது. துணியின் மேல் கஞ்சி பூசி அழுத்தித் தேய்த்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். வெண்மை கூட்டும் பொருள் கலந்த சலவைத் தூளும் துணியைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இது எங்கள் படைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்க ராணுவம் 1981-ல் கொண்டுவந்த உருமறைப்புச் சீருடையிலும் கஞ்சி கூடாது என்ற எச்சரிக்கை இருந்தது. அங்கேயும் முந்தைய பச்சைச் சீருடைக்குக் கஞ்சி போட்டுப் பழகியவர்கள், புதியதற்கும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆக, அமைதிப் பணியில் அணியும் உடைக்கு வேண்டுமானால் கஞ்சி போடுங்கள், காம்பேட்டுக்கு வேண்டாம். இப்போது ராணுவத்தில் இருக்கும் என் அக்கா மகன் தன் சீருடையைத் தேய்ப்பதே இல்லை. அலசிக் காயப்போட்டு உதறி மாட்டிக்கொள்கிறான். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை பரபரத்தது.

உருமறைப்பு அச்சு எப்போது வந்தது? அது உண்மையிலேயே ஆளை மறைக்கிறதா?

பாரா எனும் பாராசூட் படையினரிடம் அச்சுத் துணியை நாங்கள் முன்பே பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறோம். மற்றக் காலாட்படைகளில் அது பரவலானது தொண்ணூறுகளில். 1999 கார்கில் போரின் புகைப்படங்களைக் கவனித்தால், ஒரே குழுவில் சிலர் ஓ.ஜி.யிலும் சிலர் அச்சுத் துணியிலும் நிற்பதைக் காணலாம். மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. பழைய கையிருப்பு தீர வேண்டுமே. ஸ்டோரில் இருந்தவன் என்ற முறையில் அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வீரத்தோடு லெட்ஜரும் தெரியும்.

அச்சு ஆளை மறைப்பதில்லை. ஆளின் வடிவத்தை உடைக்கிறது. மனிதக் கண் தேடுவது நிறத்தைவிட உருவத்தை: தலை, தோள், இரண்டு கால். இருண்ட பட்டையும் வெளிர் திட்டும் தோளைக் குறுக்கே வெட்டிப் போனால், தூரத்தில் அந்தத் தோள் தோளாகத் தெரியாது. ஆனால் நீங்கள் அசைந்தால் எந்த அச்சும் உதவாது. பளபளக்கும் கைக்கடிகாரம், எண்ணெய் வடியும் முகம், வானத்தை ஒட்டி நிற்கும் தலை ஆகியவை நல்ல சீருடையையும் பயனற்றதாக்கிவிடும். அடர்ந்த நிழலில் அசையாமல் படுத்திருக்கும் வெளுத்த ஓ.ஜி.க்காரனைக் கண்டுபிடிப்பது, அச்சுச் சட்டை போட்டு நடமாடுகிறவனைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம் என்பது என் அனுபவம்.

இப்போதைய சதுரப் புள்ளி அச்சு, அதாவது டிஜிட்டல் அச்சு, கனடாவில் தொண்ணூறுகளில் உருவாகி, 2002-ல் அமெரிக்க மரைன் படைக்கு வந்து உலகம் முழுக்கப் பரவியது. பெரிய திட்டுகள் தூரத்திலும், சின்னப் புள்ளிகள் பக்கத்திலும் கண்ணை ஏமாற்ற வேண்டும் என்பது அதன் தத்துவம்.

ராணுவமும் துணை ராணுவப் படைகளும் ஒரே மாதிரி அணிந்திருந்தது ஏன்?

யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அச்சுத் துணி திறந்த சந்தையில் மீட்டர் கணக்கில் கிடைத்தது. கொடுக்கப்பட்ட சீருடை அளவில் பொருந்தாததால் நாங்களே கன்டோன்மென்ட் கடைகளில் துணி எடுத்துத் தைத்துக்கொண்டோம். துணை ராணுவத்தினரும், மாநிலக் காவலின் சிறப்புப் பிரிவுகளும் அதே போன்ற அச்சை அணிந்தார்கள். செக்யூரிட்டி ஏஜென்சி ஆட்களும் அணிந்தார்கள். கடைசியில் காய்கறி வண்டிக்காரரும் அணிந்தார். 2000-களின் இடையில் ராணுவத்தின் பெயரும் சின்னமும் நுணுக்கமாகக் கலந்த அச்சு வந்தது. அதையும் சந்தை விடவில்லை.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஒரு கன்டோன்மென்ட் நகரத்துக் கடையில், அசல் என்று சத்தியம் செய்து கொடுத்த துணியில் இரண்டு செட் தைத்தேன். மூன்றாவது சலவையில் பழுப்புத் திட்டுகள் எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டன. கமாண்டிங் ஆபீசர் ஆய்வுக்கு வந்த அன்று, நான் பின்வரிசையில் உயரமான ஆளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். உருமறைப்பை அன்று அளவுக்கு நான் வேறெங்கும் கடைப்பிடித்ததில்லை.

2022-ல் வந்த புதிய சீருடையில் என்ன மாறியது?

2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று டெல்லி அணிவகுப்பில் பாரா படையினர் அதை அணிந்து வந்தார்கள். தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் ராணுவத்தோடு சேர்ந்து உருவாக்கியது அது. ஆலிவ் பச்சையும் மண் நிறங்களும் கலந்த டிஜிட்டல் அச்சு. துணியில் 70 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியெஸ்டர். சட்டையைக் கால்சட்டைக்குள் செருக வேண்டியதில்லை. அச்சின் வடிவமைப்பைக் கொல்கத்தாவில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ராணுவம் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. அந்த உரிமை பத்தாண்டுகளுக்கு, பிறகு மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கலாம். சந்தையில் விற்பதைத் தடுப்பதுதான் நோக்கம். மீட்டர் துணி வாங்கித் தைக்கும் பழக்கத்துக்குப் பதிலாக, அளவு வாரியாக ஆயத்தமாகத் தைத்தே கொடுக்கிறார்கள்.

அக்கா மகன் விடுப்பில் வந்தபோது, அவனுடைய சட்டை, என் 2003-ஆம் ஆண்டு அச்சுச் சட்டை, என் முதல் ஓ.ஜி. மூன்றையும் திண்ணையில் விரித்து வைத்துப் பார்த்தோம். மூன்றையும் ஒரே வாளியில் நனைத்துக் கொடியில் போட்டோம். அவனுடையது முதலில் காய்ந்தது, என் ஓ.ஜி. சாயங்காலம் வரை ஈரத்தோடு தொங்கியது. கையில் எடுத்தால் எடை வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அவனுடைய கால்சட்டையில், தொடைகள் உரசும் கவட்டுப் பகுதியில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். நாங்கள் எத்தனை டப்பா பவுடர் கொட்டித் தீர்த்த பிரச்சினை அது! இதைச் செய்தவர் யாரோ, எங்களில் ஒருவரைக் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பாலியெஸ்டர் தீயில் பருத்தியைப் போல் கருகாது. உருகித் தோலில் ஒட்டும். கலப்புத் துணியில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. டாங்கிப் படையினருக்குத் தீ எளிதில் பற்றாத தனி உடை தருவதற்கு அதுதான் காரணம்.

சட்டையை வெளியே விடுவது ஒழுங்கீனமாகத் தெரியவில்லையா?

சுபேதார் ஐயாவுக்குத் தெரிகிறது. எனக்கும் முதலில் தெரிந்தது. ஆனால் முதுகில் 'பிட்டு' எனும் மூட்டையும், மார்பில் குண்டு துளைக்காத கவசமும் கட்டிக்கொண்டு மலையேறியவருக்கு, உள்ளே செருகிய சட்டை இடுப்பில் சுருண்டு பெல்டுக்கு அடியில் புண்ணாக்கிய கதை தெரியும். சட்டை வெளியே இருந்தால் காற்று போகும். ஒழுங்கைக் காட்ட அணிவகுப்பு உடை இருக்கிறது.

சட்டையிலும் கால்சட்டையிலும் அத்தனை பைகள் எதற்கு?

பெரும்பாலும் பீடி, கடிதம், வறுத்த கடலை வைக்க. ஒன்றே ஒன்று மட்டும் விளையாட்டில்லை: முதலுதவிக் கட்டு. அதைப் பிரிவில் எல்லாரும் ஒரே பையில்தான் வைக்க வேண்டும். அடிபட்டவருக்கு அவருடைய கட்டைத்தான் எடுத்துப் போடுவார்கள், நம்முடையதை அல்ல. இருட்டில், ரத்தத்தில், தடவிப் பார்க்கும் கைக்கு எந்தப் பை என்பது யோசிக்காமல் தெரிய வேண்டும். ஆய்வின்போது அந்தப் பையில் கட்டுக்குப் பதிலாகச் சீட்டுக்கட்டு வைத்திருந்த ஒருவனுக்குக் கிடைத்த தண்டனையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பூட்ஸையும் ஒப்பிடுங்கள் என்றால் எதற்கு முதலிடம்?

ஆணி அடித்த பழைய 'அம்யூனிஷன்' பூட்ஸுக்கு ஓசையில் முதலிடம். ஒரு கம்பெனி நடந்தால் தரை பேசும். மற்றபடி, இரவு ரோந்தில் கல்லில் பட்டால் காட்டிக்கொடுக்கும். பனியில் ஆணி வழியாகக் குளிர் காலுக்குள் ஏறும்.

எங்கள் காலம் டி.எம்.எஸ். பூட்ஸின் காலம். ரப்பர் அடிப்பாகத்தைத் தோலோடு நேராக வார்த்து ஒட்டிய அந்தக் காலணி உறுதியானது, கனமானது. பழகுவதற்குள் குதிகாலில் இரண்டு முறை தோல் உரியும். உள்ளே தண்ணீர் புகுந்தால் வெளியேறாது. வடகிழக்கின் மழையில் அதைப் போட்டு நான்கு நாள் நடந்தவர்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் நிச்சயம். கான்வாஸில் செய்த ஜங்கிள் பூட்ஸ் அந்த வகையில் வரம். தண்ணீர் வந்த வழியே போகும், ஒரு வெயிலில் காயும், ஆனால் ஆறு மாதத்தில் வாயைப் பிளக்கும். காட்டுக்கு ஜங்கிள் பூட்ஸ், மற்ற இடங்களுக்கு டி.எம்.எஸ். என்பது எங்கள் கூட்டத்தின் ஏகமனதான முடிவு. எங்களுக்குள் ஏகமனதாக முடிந்த விஷயம் இது ஒன்றுதான்.

மற்ற நாட்டு முன்னாள் வீரர்களும் இப்படித்தான் ஒப்பிடுகிறார்களா?

அமெரிக்கர்களின் கதை எங்களுடையதைவிடச் சுவையானது. அவர்களும் தனிப்பச்சையில் தொடங்கி 1981-ல் காட்டு அச்சுக்கு வந்தார்கள். 1991 வளைகுடாப் போரில், கூழாங்கல் சிதறியது போன்ற பாலைவன அச்சை அணிந்தார்கள். அதைச் சாக்லேட் சிப் என்று கிண்டல் செய்தார்கள். பிறகு எல்லா நிலத்துக்கும் ஒரே அச்சு போதும் என்று முடிவு செய்து, 2004-ல் சாம்பல் பச்சையில் ஒரு டிஜிட்டல் அச்சை அறிவித்தார்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று செய்தது, எந்த இடத்துக்கும் சரியாகப் பொருந்தவில்லை. ஆப்கானிஸ்தானுக்குப் போனவர்களுக்கு 2010 முதல் வேறு அச்சு கொடுக்க வேண்டிவந்தது. 2015-ல் இப்போதைய அச்சு வந்து, 2019 செப்டம்பரோடு பழையது முற்றிலும் விலக்கப்பட்டது.

அந்தச் சாம்பல் சட்டையில் அவர்களுடைய இன்னொரு புகார் வெல்க்ரோ. பொத்தானுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டை வைத்ததால், பையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 'கர்ர்' என்று இருட்டில் கேட்கும். பிறகு சில பைகளுக்குப் பொத்தானே திரும்பி வந்தது. பொத்தான் அறுந்தால் தைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் ஊர் ஹவுஸ்வைஃபுக்கும் தெரிந்திருக்கும்.

ஓய்வு பெற்றவர்களோ அவர்கள் பிள்ளைகளோ ராணுவ அச்சு உடையை அணியலாமா?

பதக்கங்களைச் சாதாரண உடையின் மேல் இடது மார்பில் அணிந்துகொள்வது எங்கள் உரிமை. களச் சீருடையை வெளியே அணிவது வேறு விஷயம். படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அத்தகைய உடையை அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 140-ஆம் பிரிவாக இருந்தது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதன் பிறகு பொதுமக்கள் இத்தகைய உடைகளை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. ஆசையாக இருக்கிறது என்று பேரனுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பழைய ஓ.ஜி. சட்டையைப் பத்திரப்படுத்துவது எப்படி?

வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் முழுமையாகக் காயவைத்து, மடிப்பு ஒரே இடத்தில் விழாதபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடித்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் தங்கும். பித்தளைப் பொத்தான்களையும் சின்னங்களையும் கழற்றித் தனியாக வையுங்கள். பச்சைக் களிம்பு துணியில் ஏறினால் போகாது. கஞ்சி போட்ட நிலையில் ஒருபோதும் பெட்டியில் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர்.

நான் ஓய்வு பெற்று வந்தபோது, என் முதல் ஓ.ஜி. சட்டையைக் கடைசியாக ஒருமுறை நல்ல கஞ்சி போட்டுத் தேய்த்துத்தான் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். எட்டு ஆண்டு கழித்துத் திறந்தபோது, கஞ்சி கெட்டியாக நின்ற கழுத்துப்பட்டையும் பைகளின் மூடிகளும் சல்லடையாகியிருந்தன. தோளும் முதுகும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அக்கா மகனோடு வாளியில் நனைத்துப் பார்த்த சட்டை அதுதான்.